நாளுக்கு மூன்று வேளை

தோள் உறைந்துவிட்டது என்றாள்
பெரியாஸ்பத்திரி பிசியோ பிள்ளை துஷாந்தினி.
திருகோணமலை வெயிலிலும்
உறைய ஒன்று இருக்கிறதே என்று
சிரிப்பு வந்தது.
சிரிக்கவும் நொந்தது.

மருந்து இதுதான்:
சுவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கோ டீச்சர்,
இரண்டு விரலை மேலே நடக்க விடுங்கோ,
நோகிற இடத்தில் நிறுத்திப் பத்து எண்ணுங்கோ,
பென்சிலால் ஒரு கோடு.
நாளுக்கு மூன்று வேளை.
நோவோடு மல்லுக்கட்ட வேண்டாம்,
நோவுக்குப் பயந்து இறங்கவும் வேண்டாம்.

சீனி கூடினால் தோள் இப்படிப் பிடிக்குமாம்.
கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார்கள்.
ஆகவே குரக்கன் பிட்டு,
ஆகவே வெறுந்தேத்தண்ணி,
ஆகவே பின்னேரங்களில் டச்பே ஓரமாக
அரை மணி நேர நடை,
கச்சான்காரரைக் காணாத மாதிரி.

பக்கத்து வீட்டு பரீதா
கன்னியாவுக்குப் போகச் சொன்னாள்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
யாரோ ஒருத்தி வாளியால் அள்ளி ஊற்ற
தோள் என்று ஒன்று இருப்பதையே
மறந்து நின்றேன்.
பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கப் போனபோது
நினைவு வந்தது.

பள்ளியில்
கரும்பலகையின் கீழ்ப்பாதிதான் இப்போது என் இராச்சியம்.
அறியாக்கணியங்கள் எல்லாம்
என் இடுப்புயரத்தில்.
பின்வாங்குப் பிள்ளைகள்
எழும்பி நின்று சமன்பாடு தீர்க்கிறார்கள்.
மேலே திகதி எழுத
நான் கேளாமலே ஓடி வருவாள் கிதுஷா.
முதல் கிழமை எனக்குக் கோபம் வந்தது.
இரண்டாம் கிழமை
வெண்கட்டியை அவள் மேசையிலேயே வைத்தேன்.

தலை பின்ன முடியவில்லை.
இவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை,
கயிறு தெரிந்த கை.
என் கூந்தலைக் கூட்டிப் பிடித்து
கப்பல் கட்டுகிற முடிச்சொன்று போட்டுவிட்டார்.
பின்னேரம் வரை அவிழவில்லை.
அதற்குப் பிறகும் அவிழவில்லை.
அன்றிரவு
கத்தரிக்கோல் தேடிச் சிரித்த சிரிப்பில்
கனநாளைக்குப் பிறகு நல்ல நித்திரை.

பென்சில் கோடுகள்
ஒன்பதாம் நாள் வரை ஏறின.
பத்தாம் நாள் நின்றன.
பதினொன்று, பன்னிரண்டு,
அதே இடம்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன்.

மூன்று தரம் பெயின்ற் பூசிய சுவர்.
ஆனாலும் மாரியில்
தேத்தண்ணிக் கறை போல ஒரு வரை
உள்ளேயிருந்து வரும்.
கடல் வீட்டுக்குள் வந்து நின்ற உயரம்.
அதற்கு ஒரு விரற்கடை கீழே
என் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்துப் போயிருந்தன.

அன்று யன்னல் கம்பியைப் பிடித்திருந்தது
இந்தக் கைதான்.
இருபது வருடம்
அது ஒன்றும் கேட்கவில்லை.
நானும் விசாரிக்கவில்லை.

துஷாந்தினிக்குச் சொன்னேன்.
வரிசையில் இன்னும் பதினாலு பேர் இருந்தார்கள்.
பேனையை மூடி வைத்துவிட்டுக்
கேட்டுக்கொண்டிருந்தாள்.
சீனியும்தான் டீச்சர், என்றாள் பிறகு,
அதுவும்தான்.
இரண்டுக்கும் இதே பயிற்சிதான்.
வேறு சுவர் பார்ப்போமா?

வீட்டில் சுவர்கள் நிறைய.
வேண்டாம் என்றேன்.

இன்று விடிய
சுடுதண்ணீர்ப் பை வைத்துத் தோளை இளக்கிவிட்டு
வந்து நின்றேன்.
ஆள்காட்டி விரல், நடுவிரல்,
இரண்டு சின்னக் கால்கள்.
வெளியே கேற்றடியில் ஊர்மான் ஒன்று
என் செவ்வரத்தையை மொட்டோடு தின்கிறது.
விரட்டக் கை ஒழிவில்லை.
தின்னட்டும்.

கறையின் மேல் விரலை வைத்தேன்.
சுவர் குளிராக இருந்தது,
வேறொன்றுமில்லை.
எண்ணினேன்.
ஆறில் அழுகை வந்தது.
எட்டில் மூக்கைத் துடைக்க
மற்றக் கை இருந்தது.
பத்து.

பென்சில் மேசையில் கிடக்கிறது.
எடுக்க இறங்க வேண்டும்.
கொஞ்சம் பொறுத்து இறங்கலாம்.
இன்றைக்கு
இன்னும் இரண்டு வேளை இருக்கிறது.